பக்கவாட்டில் திரும்பிய நாற்காலிகள்

“எதுக்குடா எல்லாரும் கோணலா உட்கார்ந்திருக்காங்க?” என்று அரவிந்த் கேட்டான்.

மேடை ஓரத்துத் துணித் தடுப்புக்குப் பின்னால் நின்று இருவரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கன்னியாகுமரிக்குச் சற்று மேற்கே, மணல் அகலமாகக் கிடக்கும் ஒரு கடற்கரை. வெயில் தாழ்ந்து மணல் சூடு ஆறிக்கொண்டிருந்தது. கூட்டம் நிறைந்துவிட்டது. ஆனால் முன்பாதி நாற்காலிகளில் ஒன்றுகூட மேடையைப் பார்த்து இல்லை. ஒழுங்காகப் போட்டிருந்த நாற்காலிகளை எல்லாரும் தூக்கி, பக்கவாட்டில் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், பஸ்ஸில் நீள சீட்டில் உட்காருகிற மாதிரி.

நான் ஒரே சொல்லில் பதில் சொன்னேன்.

“பேடி.”

சொல்லிவிட்டு என் இடது கை மோதிர விரலை நீவிவிட ஆரம்பித்துவிட்டேன். அரவிந்தின் முகம் மாறியதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அந்த மாலை வேறு மாதிரி போயிருக்கும்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதிய, துபாய் மேடையில் ஆம்ப்ளிஃபையர் புகைந்த கதையைப் படித்துவிட்டு மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் போனில் பேசினார். வெளிநாட்டுக் கதையெல்லாம் வாய் ஓயாமல் சொல்கிறீர்கள், சொந்த மாவட்டத்தில் வாசித்ததைப் பற்றி மட்டும் ஏன் மூச்சு விடுவதில்லை என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த மாலையை நினைத்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது, அதுதான் காரணம். வேர்த்தாலும் சரி, இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

அகராதியில் ஒன்று, எங்கள் ஊரில் ஒன்று

இந்தப் பக்கத்தைப் புதிதாகத் திறந்தவர்களுக்கு: அரவிந்த், ‘நாலாம் மாடி’ ராக் குழுவின் பாடகன். சென்னையில் ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் தகரக் கொட்டகைக்குள் பயிற்சி செய்ததால் குழுவுக்கு அந்தப் பெயர். ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எங்கள் பாட்டைத் தெரியாத பையனைப் பார்ப்பது கஷ்டம். நான் அதில் கிட்டார். சகாயராஜ் என்ற பெயர் போஸ்டரில் நீளமாக இருக்கிறது என்று அரவிந்த்தான் என்னைச் ‘சகா’ ஆக்கினான்.

அரவிந்தின் அப்பா தமிழ்ப் பேராசிரியர். சென்னையில் நான் பழகிய ராக் ஆசாமிகளில் பாதிப் பேருக்குத் தமிழில் ஒரு விலாசம் எழுத வராது. இவனோ பழைய தமிழை எல்லாம் அப்பாவிடம் திட்டு வாங்கிப் படித்தவன். அவனுக்குப் பேடி என்றால் கோழை, ஆண்மை இல்லாதவன். யாரையாவது அவமானப்படுத்த வேண்டும் என்றால் சொல்லுகிற சொல்.

எங்கள் ஊர் குளச்சலுக்கு மேற்கே இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்து மலையாளம் காற்றிலேயே வந்து சேருகிற இடம். எங்களுக்குப் பேடி என்றால் பயம். அவ்வளவுதான், அதில் ஒரு வசவும் கிடையாது. ஊசி போடப் பேடி, பரீட்சைக்குப் பேடி, நாய்க்குப் பேடி. பிள்ளை தூக்கத்தில் அலறினால் பேடிச்சுப்போச்சு என்று நெஞ்சைத் தடவுவோம்.

சென்னையில் நான் இந்தச் சொல்லை வெளியே விடவே மாட்டேன். ஊர்ப்பேச்சு பேசினால் ராகம் போட்டுத் திருப்பிப் பேசிக் காட்டுவார்கள். வந்த புதிதில் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று நாக்கைப் பழக்கி வைத்திருந்தேன். அன்றைக்கு மத்தியானம் முழுக்க ஊர்க்காரர்களோடு பேசிக்கொண்டிருந்ததில் அந்தக் காவல் கழன்றுவிட்டது. அரவிந்த் ‘எதுக்கு’ என்று கேட்டான். நான் காரணத்தைச் சொன்னேன். அவர்களுக்குப் பயம் என்று சொன்னேன்.

அவன் காதில் விழுந்தது வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேடையில் சிங்கம் மாதிரி உறுமுகிற அரவிந்துக்கு, ஏறுவதற்கு முன்பு கை நடுங்கும். சீரகத் தண்ணீர் குடிப்பான். சில ஊர்களில் அதையும் வாந்தி எடுப்பான். குழுவில் எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்பது எழுதாத சட்டம். அப்படிப்பட்டவன் கையில் சீரகத் தண்ணீர் பாட்டிலோடு, நடுங்கிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். நான் அவன் பாட்டிலைப் பார்த்தபடி “பேடி” என்றிருக்கிறேன்.

கடலுக்கு முதுகு

நாற்காலிகள் ஏன் திரும்பின என்பதை எங்கள் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சாமான் லாரி மணலில் இறங்காது. அதனால் நிகழ்ச்சி நடத்தியவர்கள் ரோட்டை ஒட்டி மேடை போட்டார்கள். மேடைக்கு முன்னால் நாற்காலிகள். நாற்காலிகளுக்குப் பின்னால் கடல். அப்படி உட்கார்ந்தால் ஜனங்களுக்குக் கடல் முதுகுப் பக்கம் வரும்.

சுனாமி வந்த அந்த டிசம்பர் காலைக்குப் பிறகு எங்கள் ஊரில் யாரும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்காருவதில்லை. சில வருடங்கள் ஆகியிருந்தன. வலையும் வள்ளமும் புதிதாக வந்திருந்தன. ஆண்கள் பழையபடி தொழிலுக்குப் போனார்கள், சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். ஆனால் கரையில் நாலு பேர் உட்கார்ந்து பேசினால் நாலு பேரும் ஒரே திசையைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

மேற்கே திரும்பினால் வெயில் கண்ணில் அடிக்கும். அதனால் அன்று எல்லாரும் கிழக்கே திரும்பியிருந்தார்கள். இடது கண்ணுக்கு மேடை, வலது கண்ணுக்குக் கடல். அவர்களைப் பொறுத்தவரை அது முழு மரியாதை. பாதிக் கண்ணை எங்களுக்குக் கொடுத்ததே பெரிய விஷயம்.

எங்கள் ஊரிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்களைக் கூட்டி வந்தவள் என் அக்கா செலின். அந்தக் காலையில் அவள் மாதா கோயிலில் பூசை முடிந்து கரைவழியாக வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். தண்ணீர் அவளைத் தூக்கிக் கல்லறைத் தோட்டத்து மதிலில் கொண்டுபோய் ஒட்டியது. அவள் மதிலைப் பிடித்துக்கொண்டாள். கூட நடந்து வந்த இரண்டு சிநேகிதிகளுக்குப் பிடிக்க எதுவும் அகப்படவில்லை.

நான் அன்று சென்னையில் இருந்தேன். போன் போகவே இல்லை. சாயங்காலம் வரை அதே எண்ணை அழுத்தி அழுத்தி, பொத்தானில் இருந்த எழுத்து அழிந்துபோனது என்று பிறகு வேடிக்கையாகச் சொல்லுவேன். அன்று அது வேடிக்கையாக இல்லை. அழுத்திய அந்த விரலில்தான் பின்னால் கோளாறு வந்ததோ என்று கூட ஒரு பைத்தியக்கார நினைப்பு வரும். அழுத்தியது வலது கை, கோளாறு இடது கையில். பயந்த மனசு கை வித்தியாசம் பார்ப்பதில்லை.

நிகழ்ச்சிக்கு முன்பு அக்கா மேடைக்குப் பின்னால் வந்தாள். ஒரு தூக்குவாளியில் அவித்த மரச்சீனிக் கிழங்கு, இன்னொன்றில் சாளை மீன் குழம்பு. டிரம்ஸ் வாசிக்கும் பாபு மூன்று தட்டு சாப்பிட்டான். அரவிந்த் கையைக் கூப்பி, பாடுவதற்கு முன் சாப்பிட மாட்டேன் என்றான். அக்கா அவனைப் பாவமாகப் பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள்.

“நீ கடலப் பாத்துத்தான மக்கா நிப்பே?”

ஆமாம் என்றேன்.

“அப்ப ஒரு கண்ணு அங்க வச்சுக்கோ. என்னமும் கண்டா மைக்குல சொல்லு.”

சிரித்துக்கொண்டே சரி என்றேன். அவள் சிரிக்கவில்லை. நேராகப் போய் இரண்டு வேன் ஆட்களிடமும், தம்பி மேலே நின்று பார்த்துக்கொள்ளுவான் என்று சொல்லியிருக்கிறாள். கிட்டார் வாசிக்க வந்தவனைக் காவலுக்கும் வைத்துவிட்டார்கள்.

மடங்கும் விரல்

அந்தக் காவலை நான் லேசாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம், எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அது என் கையிலேயே இருந்தது.

நான் கிட்டாரைத் தொட்டது எங்கள் கோயில் பாடகர் குழுவில். ஆறு கம்பியில் நாலுதான் இருக்கும். அந்த நாலை வைத்துக்கொண்டு கல்யாணப் பூசை முதல் அடக்கப் பூசை வரை ஓட்டினேன். அப்புறம் மார்த்தாண்டத்தில் ஒரு கானமேளா குழு. எங்கள் பக்கத்தில் மெல்லிசைக் கச்சேரிக்கு அதுதான் பெயர். அம்மன் கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, கடை திறப்பு விழா என்று எதையும் விட மாட்டோம். அந்தக் குழுவில் கிட்டார்காரன் ஓரத்தில் நிற்க வேண்டும், கண்ணில் படக் கூடாது. எனக்கோ நடுவில் நிற்க ஆசை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

சென்னையில் பெயர் வராத மூன்று குழுக்களில் வாசித்தபிறகு நாலாம் மாடி கிடைத்தது. ‘தண்ணி லாரி’ என்று நாங்கள் போட்ட பாட்டை நீங்கள் கேட்டிருக்கலாம். குடத்தோடு வரிசையில் நிற்கும் ஒருவனுடைய புலம்பல். அந்தப் பாட்டின் நடுவில் வரும் கிட்டார் தனி வாசிப்புதான் எனக்கு அடையாளம். பையன்கள் அதை வாயால் பாடுவார்கள். லாரி ஹாரன் மாதிரி ஏறி, குடம் உருளுகிற மாதிரி இறங்கும். கீழே இறங்கும் இடத்தில் முழு வேலையும் மோதிர விரலுக்கு.

துபாய் போய்வந்த சில மாதங்களில் அந்த விரல் மடங்க ஆரம்பித்தது.

வலி இல்லை. வீக்கம் இல்லை. சட்டைப் பொத்தான் போடும்போது நன்றாக இருக்கும். மீன் முள் எடுக்கும்போது நன்றாக இருக்கும். கிட்டார்க் கழுத்தைப் பிடித்து அந்த இறக்கத்துக்கு வந்ததும், தொட்டாற்சிணுங்கி மாதிரி உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்ளும். நான் நிமிர்த்த நிமிர்த்த அது இன்னும் சுருளும்.

யாருக்கும் சொல்லாமல் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் விரலை இழுத்தார், தட்டினார், சுத்தியலால் முட்டியைத் தட்டினார். விரலில் ஒரு கோளாறும் இல்லை, அதையே திரும்பத் திரும்பச் செய்து மூளை குழம்பிப்போயிருக்கிறது என்றார். கொஞ்ச நாள் கிட்டாரைத் தொடாதீர்கள் என்றார். எவ்வளவு நாள் என்றேன். அது தெரிந்தால் நான் பெரிய டாக்டர் ஆகியிருப்பேன் என்று சிரித்தார். எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

தொடாமல் எப்படி இருப்பது? எங்கள் பயிற்சிக் கொட்டகை வாசலில் ஒரு பையன் எப்போதும் நின்றுகொண்டிருப்பான், என் வாசிப்பு முழுவதும் அவனுக்கு அத்துப்படி. பத்து விரலும் வேலை செய்கிற பையன். அரவிந்த் அவனைப் பார்த்துத் தலையாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் சுண்டு விரலை அந்த இடத்துக்குப் பழக்கினேன். கஷ்டமான இடத்தில் பாபுவின் டிரம்ஸ் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டேன். ரசிகர்கள் கத்தும் இடமாகப் பார்த்துத் தப்பு விட்டேன். இப்படி ஒரு வருஷம் ஓட்டினேன். ஒவ்வொரு மேடையும் இறங்கியதும், அப்பாடா, இன்றைக்கும் பிடிபடவில்லை என்றுதான் தோன்றும். வாசித்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

பிடிபட்டால் குழுவில் இடம் போகும். இடம் போனால் மறுபடியும் கானமேளா, மறுபடியும் ஓரம். அதுதான் என் பேடி.

இரண்டு காவல்

நிகழ்ச்சி தொடங்கியது. அரவிந்த் என் பக்கம் திரும்பவே இல்லை. வழக்கமாக முதல் பாட்டில் என் தோளில் சாய்ந்து பாடுவான். அன்று மேடையின் அந்தக் கோடியிலேயே நின்றான். எனக்குப் புரியவில்லை. ஒருவேளை விரல் விஷயம் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன். பாபு கவனித்துச் சொல்லியிருப்பானா? கொட்டகைப் பையன் கண்டுபிடித்திருப்பானா?

பின்வரிசையில் கல்லூரிப் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உள்நாட்டுப் பிள்ளைகள், கடலைப் பற்றி நினைப்பே இல்லை. முன்னால் எங்கள் ஜனம் பக்கவாட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவர்களுடைய இடது கன்னங்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன.

நான் விரலைப் பார்த்தேன். கடலைப் பார்த்தேன். மறுபடி விரலைப் பார்த்தேன்.

முதலில் விளையாட்டாகத்தான் பார்த்தேன். மூன்றாம் பாட்டில் அது விளையாட்டாக இல்லை. அலை ஒன்று பின்வாங்கும்போது ஈர மணல் சற்று அதிகமாகத் தெரிந்த மாதிரி இருந்தது. தண்ணீர் உள்ளே போகிறதா? இல்லை, தினமும் தண்ணீர் இறங்குகிற நேரம், அவ்வளவுதான். கடற்கரையில் பிறந்தவனுக்கு அதுகூடத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அடுத்த அலை வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது வந்தது. சாதாரணமாக வந்தது. அதற்குள் ஒரு இடத்தில் தாளத்தைத் தவறவிட்டிருந்தேன். பாபு புருவத்தைத் தூக்கினான்.

சொன்னால் சிரிப்பீர்கள். அந்த இரண்டு வேன் ஜனத்தின் உயிரும் என் கண்ணில் இருக்கிறது என்று நிஜமாகவே நம்ப ஆரம்பித்துவிட்டேன். என் பிழைப்போ விரலில் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியவில்லை.

நாலாவது பாட்டு, தண்ணி லாரி. தனி வாசிப்பு வரும் இடம். வழக்கமாக டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் எனக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். அன்று அரவிந்த் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினான்.

“இது நம்ம சகாவோட ஊர்ப் பக்கம்,” என்று மைக்கில் சொன்னான். “இப்ப அவர் தனியா வாசிப்பார். கூட யாரும் கிடையாது. எவ்வளவு நேரம் வேணும்னாலும் வாசிப்பார்.”

பின்வரிசை ஆரவாரம் செய்தது. அரவிந்த் மைக்கை விட்டு விலகி என்னைக் கடந்து போகும்போது, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

“யாரு பேடின்னு பார்ப்போம்.”

போய் டிரம்ஸ் மேடையின் விளிம்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. துணித் தடுப்பு, சீரகத் தண்ணீர், நான் சொன்ன ஒற்றைச் சொல். ஐயோ என்று இருந்தது. ஓடிப்போய், அடேய் எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் வேறு என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் நடுமேடையில் தனியாக நின்றுகொண்டிருந்தேன். ஆம்ப்ளிஃபையர் இரைந்துகொண்டிருந்தது. நடுவில் நிற்க ஆசைப்பட்டு ரயில் ஏறியவனுக்குக் கிடைத்த நடு.

மைக்கில் சொன்னது

ஏற்றம் ஒழுங்காக வந்தது. ஹாரன் சத்தத்துக்குப் பையன்கள் விசில் அடித்தார்கள். இறக்கம் வந்தது. விரல் சுருண்டது.

கம்பி அபஸ்வரமாக முனகியது. சுண்டு விரலால் தொட்டுச் சமாளிக்கப் பார்த்தேன். ஒளிந்துகொள்ள டிரம்ஸ் சத்தம் இல்லை. மறுபடி ஏறினேன், மறுபடி இறங்கினேன். இப்போது மோதிர விரல் முழுவதும் உள்ளங்கைக்குள் போய் ஒட்டிக்கொண்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் நிறுத்திவிட்டேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். மன்னிக்கவும் என்று சொல்லத்தான் போனேன். வாய்க்கு வந்தது வேறு.

“எனக்குப் பேடியா இருக்கு.”

சொன்ன மாத்திரத்தில் முன்பாதி முழுவதும் எழுந்து நின்றது.

நாற்காலிகள் சாய்ந்தன. பெண்கள் பிள்ளைகளை இழுத்து இடுப்பில் ஏற்றினார்கள். எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் கடல் பக்கம் திரும்பின. ஒரு பெண் செருப்பைத் தேடினாள். பின்வரிசைப் பையன்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, வாயைப் பிளந்து நின்றார்கள். காவலுக்கு வைத்த ஆள் மைக்கில் பேடி என்று சொல்லிவிட்டான். இனி ஓட வேண்டியதுதான் பாக்கி.

என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது கிடையாது. அவர்கள் ஓடினால் ரோட்டுக்குப் போக ஒரே ஒரு வழிதான், அது மேடைக்குப் பக்கத்தில் மூங்கில் தடுப்பில் விட்டிருந்த சந்து. விழுந்து மிதிபடுவார்கள்.

“கடலுக்கு ஒண்ணுமில்ல!” என்று கத்தினேன். “இருங்க, ஓடாண்டாம். கடலு சும்மா கெடக்கு. என் வெரலுதான். வெரலு மடங்கிப்போவுது, ஒரு வருசமாட்டு இப்பிடித்தான். வாசிக்க வரல்ல.”

இடது கையைத் தூக்கிக் காட்டினேன். சுருண்ட விரல் எல்லாருக்கும் தெரிந்தது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அரவிந்துக்கும் தெரிந்தது. ஒரு வருஷமாக ஒளித்து வைத்ததை ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன்.

கூட்டம் அப்படியே நின்றது. உட்காரவும் இல்லை, ஓடவும் இல்லை.

அக்கா முன்னால் வந்தாள். அவளுக்கு மைக் தேவைப்பட்டதில்லை.

“பேடிக்காண்டாம் மக்கா,” என்றாள். “நீ வெரலப் பாரு. கடல நான் பாத்துக்கிடுதேன்.”

தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வரிசைகளைத் தாண்டிப் பின்னால் போனாள். எங்கள் ஜனத்துக்கும் கல்லூரிப் பையன்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் அதை வைத்தாள். எதிரே நின்ற பையன்களை இரண்டு பக்கமும் விலகச் சொல்லிவிட்டு, கடலை நேராகப் பார்த்து, எனக்கு முழு முதுகையும் காட்டி உட்கார்ந்தாள்.

அதைப் பார்த்து, விழுந்த நாற்காலிகளை ஒவ்வொருவராக நிமிர்த்தினார்கள். இந்த முறை பக்கவாட்டில் வைக்கவில்லை. மேடையைப் பார்த்து வைத்தார்கள்.

அவ்வளவு நேரம் இடது கன்னமாகத் தெரிந்த ஊர், இரண்டு கண்ணோடு என்னைப் பார்த்தது. மடங்கிய விரலை மடங்கியபடியே விட்டுவிட்டு, மீதி மூன்று விரல்களால் அந்த இறக்கத்தை மெதுவாக வாசித்தேன். பாதி வேகம்தான். குடம் உருளவில்லை, யாரோ அதைப் பத்திரமாகப் படியில் இறக்கி வைத்தார்கள். நடுவில் ஒரு இடத்தில் டிரம்ஸ் சேர்ந்துகொண்டது. அரவிந்த் தலையாட்டித்தான் பாபு தொடங்கியிருக்கிறான் என்பது பிறகு தெரிந்தது.

இறங்கியதும் அரவிந்த் என்னைத் தடுப்புக்குப் பின்னால் இழுத்துப்போனான்.

“பேடின்னா உங்க ஊர்ல என்னடா?”

சொன்னேன். அவன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டான். கையில் இருந்த சீரகத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினான்.

“அப்படின்னா எனக்கும் உண்டு,” என்றான்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சில மாதங்களில் நாலாம் மாடியை விட்டு இறங்கினேன். கொட்டகை வாசல் பையன் உள்ளே வந்தான், நன்றாகவே வாசித்தான், ஒருநாள் அதைச் சொல்ல அவனைக் கூப்பிட்டேன். நான் பெங்களூரில் ஒரு குழு, பிறகு ஸ்டுடியோக்கள், வேறு பாடகர்களுக்குப் பின்னணி என்று மூன்று விரலோடு அலைந்தேன். வேகம் வேண்டும் என்கிறவர்கள் என்னைக் கூப்பிடுவதில்லை. மெதுவாக வேண்டும் என்கிறவர்கள் தேடிக் கூப்பிட்டார்கள். அந்த விரல் இன்னமும் மடங்குகிறது. மேடை ஏறும்போதெல்லாம் இன்னமும் பேடிதான்.

அன்று வேன் புறப்படுவதற்குள் அக்காவைத் தேடி ஓடினேன். கூட்டம் கலைந்துவிட்டது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் வைத்த இடத்திலேயே, மடியில் காலித் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு வருஷம் கழித்து ஒளியாமல் வாசித்தவன். ஒரு நல்ல வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது.

“எப்பிடி இருந்திச்சு அக்கா?”

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

“சும்மாத்தான் கெடந்துச்சு மக்கா,” என்றாள். “நான் கண்ண எடுக்கல்ல.”